ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி: காப்பிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் உள்ள கணக்கு

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். என் சித்தி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படிப் போய்வந்தவர். வாரத்தில் ஆறு நாள் வெயிலிலும் மழையிலும் குனிந்து பழம் எடுப்பவர், தலை வலிக்கிறது என்று ஒரு சொல் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி ஆனால் மட்டும் ஒரு பக்கத்து நெற்றிப்பொட்டில் இடிக்கத் தொடங்கி, வாந்தியெடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். உழைத்துப் பழகிய உடம்புக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் விளக்கம் சொன்னார்கள். நானும் வெகுகாலம் அதையே நம்பினேன்.

அந்த விளக்கம் முற்றிலும் தவறு அல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாறியது ஓய்வு மட்டுமல்ல என்பதை யாரும் கவனிக்கவில்லை. வேலை நாட்களில் அவருடைய முதல் வரக்காப்பி அதிகாலை நான்கு மணிக்கு. பிறகு தோட்டத்தில் பத்து மணிக்குக் கட்டன்சாயா என்ற பாலில்லாத் தேநீர் ஒன்று, மதியச் சோற்றுக்குப் பின் ஒன்று, இறங்கும் வழியில் நான்கு மணிக்கு ஒன்று. ஞாயிறன்று ஏழரைக்கு எழுந்து, எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, கறிக்குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு அவர் காப்பித்தண்ணியைக் கையில் எடுக்கும்போது மணி பத்தாகிவிடும். மற்ற நாட்களில் இரண்டு காப்பிக்கு நடுவே மிக நீண்ட இடைவெளி பன்னிரண்டு மணி நேரம் என்றால், அன்று மட்டும் அது பதினெட்டு மணி நேரம். இந்த ஆறு மணி நேர வேறுபாட்டில்தான் இக்கட்டுரைக்கான பொருள் இருக்கிறது.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்வதைக் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னிக்குத்து என்றும் கொடிஞ்ஞி என்றும் சொல்கிறார்கள். பழந்தமிழில் சென்னி என்றால் தலை. மலையாளத்தில் அது நெற்றிப்பொட்டைக் குறிக்கும். நம் பெயரைவிட அவர்களுடைய பெயர் ஒரு வகையில் பொருத்தமானது, ஏனென்றால் இந்த வலி எப்போதும் ஒரே பக்கத்தில்தான் வரும் என்பதில்லை. பலருக்கு இரு பக்கமும் வரும். நெஞ்சுத் துடிப்புக்கு ஏற்றாற்போல் விண்விண்ணென்று தெறிப்பதும், மாடிப்படி ஏறினாலோ ஜீப் குலுங்கினாலோ கூடுவதும், குமட்டலும், வெளிச்சமும் ஓசையும் வாசனையும் தாங்க முடியாமற் போவதும் இதன் அடையாளங்கள். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

வலி தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, நோய் மூளைக்குள் தொடங்கிவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரணமில்லாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, சிடுசிடுப்பு, இனிப்பின்மேல் திடீர் ஆசை, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை அந்த முன்கட்டத்தின் குறிகள். வேறு சிலருக்கு வலிக்குச் சற்று முன்னால் கண்முன் மின்னும் வளைகோடுகள் தோன்றி ஒரு மணி நேரத்துக்குள் மறையும். பின்னர் முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கு வெளியாகி, மூளையைச் சுற்றியுள்ள சவ்வின் ரத்தக்குழாய்கள் விரிவடைந்து வலியெடுக்கின்றன. ரத்தக்குழாய் விரிவதுதான் நோயின் மூலம் என்று கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவர்கள் கருதினார்கள். இன்று அது நரம்பில் நடக்கும் கலவரத்தின் ஒரு விளைவாகவே பார்க்கப்படுகிறது. காப்பி ரத்தக்குழாயைச் சுருக்குகிறது, ஆகவே தலைவலியை நிறுத்துகிறது என்று டீக்கடையில் சொல்லப்படும் விளக்கம் அந்தப் பழைய பாடத்தின் மிச்சம். அதில் பாதிதான் உண்மை.

மீதிப் பாதி அடினோசின் என்ற ஒரு பொருளைப் பற்றியது. மூளையின் செல்கள் வேலை செய்யச் செய்ய, செலவான ஆற்றலின் கழிவைப்போல இந்த அடினோசின் சேர்ந்துகொண்டே வரும். அது செல்களின் மேல் தனக்கென இருக்கும் ஏற்பிகளில் போய் அமர்ந்தால் நமக்குத் தூக்கம் வரும், நரம்புகளின் வேகம் குறையும், மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபினின் உருவ அமைப்பு ஏறக்குறைய அடினோசினைப் போன்றது. ஆகவே அந்த ஏற்பிகளில் அது முந்திக்கொண்டு அமர்ந்துவிடும். ஆனால் அடினோசின் செய்யும் வேலை எதையும் செய்யாது. திருவிழாக் கூட்டத்தில் குமுளிப் பேருந்துக்குள் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டு பயணச்சீட்டு எடுக்காது, ஊர் போய்ச் சேராது. ஆனால் அது கிடக்கும்வரை வேறொருவர் அங்கே உட்கார முடியாது. காஃபின் போடுவது அந்தத் துண்டுதான். அடினோசின் நின்றுகொண்டே வருகிறது. நாம் களைப்பில்லாதவர்போல உணர்கிறோம். ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன.

குடித்த காப்பியின் காஃபின் முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ரத்தத்தில் கலந்துவிடும். அதில் பாதியைக் கல்லீரல் சிதைத்து முடிக்கச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். புகைப்பவர் உடலில் அது விரைவாகக் கரைந்துபோகும். கருத்தடை மாத்திரை எடுப்பவரிடம் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தங்கும். பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் அதைவிடவும் நீளும். இரவு ஒன்பது மணிக்குக் காப்பி குடித்துவிட்டுக் குறட்டை விடுபவரும், மாலை நான்கு மணிக் காப்பிக்கே விடிய விடிய விழித்திருப்பவரும் ஒரே வீட்டில் இருப்பதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இப்போது காஃபின் எப்படி மருந்தாகிறது என்பதைப் பார்க்கலாம். அடினோசினைத் தடுப்பதால் அதற்கே சிறிதளவு வலிநீக்கும் தன்மை உண்டு. அதைவிட முக்கியமானது, பாராசிட்டமால், ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகளின் வேலையை அது கூட்டிக்கொடுக்கிறது என்பதுதான். ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பையும் சோம்பிக் கிடப்பதால் விழுங்கிய மாத்திரை வயிற்றிலேயே தங்கிவிடுவதுண்டு; ஆகவே அதற்கு இப்படி ஓர் உதவி தேவைப்படுகிறது. 250 மில்லிகிராம் ஆஸ்பிரின், 250 மில்லிகிராம் பாராசிட்டமால், 65 மில்லிகிராம் காஃபின் மூன்றும் கலந்த மாத்திரையை ஒற்றைத் தலைவலிக்கென்று அமெரிக்க அரசு 1998-ல் அனுமதித்தது. பலவகை வலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-ல் வெளியான ஒரு மதிப்பீடு, வலிமாத்திரையுடன் 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ காஃபின் சேர்ந்தால், நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குக் கூடுதலாக நல்ல நிவாரணம் கிடைப்பதாகச் சொல்கிறது. சிறிய உதவிதான், ஆனால் உண்மையான உதவி. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் ஒன்றிரண்டாகக் கிழித்துத் தரப்படும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் காஃபின் இருக்கிறது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அதன் அளவு போட்டிருக்கும். அந்த மாத்திரையையும் விழுங்கி, சூடாக ஒரு காப்பியும் குடிப்பவர், தான் எடுத்துக்கொண்ட காஃபினைப் பாதியாகத்தான் கணக்கிடுகிறார்.

மருந்து எப்போது வம்பாகிறது? நாள்தோறும் துண்டு போட்டு இடம் பிடிக்கப்படுவதைக் கண்ட மூளை சும்மா இருப்பதில்லை. அது புதிய இருக்கைகளைப் போட்டுக்கொள்கிறது. அதாவது அடினோசின் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் முன்பு ஒரு டம்ளர் தந்த சுறுசுறுப்புக்குப் பிறகு இரண்டு டம்ளர் தேவைப்படுகிறது. இந்த நிலையில் ஒருநாள் காப்பி வராமற்போனால், துண்டுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டதுபோல் ஆகும். பழைய இருக்கைகளிலும் புதிய இருக்கைகளிலும் அடினோசின் முண்டியடித்து அமர்கிறது; ரத்தக்குழாய்கள் விரிகின்றன; தலை கனக்கிறது. இதுவே காஃபின் விலகல் தலைவலி. கடைசியாகக் குடித்ததிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் அது தொடங்கும். ஒன்றரை நாள் அளவில் உச்சம் தொடும். இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாள் வரை நீடிக்கக்கூடும். தலைவலி வகைகளைத் தொகுத்துள்ள பன்னாட்டு வகைப்பாடு இதற்கென்று ஒரு வரையறையே வைத்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மிகுதியாகக் காஃபின் எடுத்தவர் அதை நிறுத்தியபின் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரவேண்டும். 100 மில்லிகிராம் காஃபின் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அது அடங்கவேண்டும், அல்லது முழுதாக நிறுத்தினால் ஏழு நாளுக்குள் விலகவேண்டும் என்பது அந்த வரையறை. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மட்டுமே குடிப்பவர்களிடமும் விலகல் குறிகள் காணப்பட்டிருக்கின்றன.

என் சித்தியின் ஞாயிற்றுக்கிழமைக்கு இது பொருந்துகிறது அல்லவா? ஏகாதசி விரதம், ரமலான் நோன்பின் முதல் சில நாட்கள், அறுவைச் சிகிச்சைக்கு முன் பச்சைத்தண்ணீரும் இல்லாமல் காத்திருக்கும் காலை ஆகிய எல்லாவற்றிலும் தலை இடிப்பதற்குப் பசி ஒரு காரணம் என்றால், வராத காப்பி இன்னொரு காரணம். ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு இந்த விலகல் வெறும் தலைபாரமாக நிற்காமல் முழு வலியாகவே கிளர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு டம்ளர் காப்பி குடித்தால் வலி தணியும். காப்பிதான் என் மருந்து என்று மனம் முடிவுகட்டும். மறுநாள் அளவு கூடும். அடுத்த இடைவெளியில் வலியும் கூடும்.

ஆனால் இங்கே அவசரப்பட்டுக் காப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக்கூடாது. முன்கட்டத்தின் கொட்டாவியை மேலே குறிப்பிட்டேன். நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒருவர், காரணம் தெரியாத அசதியில் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது காப்பி குடிக்கிறார். மூன்று மணி நேரம் கழித்துத் தலைவலி வருகிறது. காப்பியால் வந்தது என்று சொல்கிறார். உண்மையில் வரப்போகும் வலிதான் காப்பியைக் குடிக்கச் செய்தது. சாக்லேட் மீதுள்ள பழியிலும் பெரும்பகுதி இப்படிப்பட்டதாகவே இருக்கலாம். எனவே எது முன், எது பின் என்று பிரித்தறிய எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியே போதும். எழுந்த நேரம், முதல் காப்பியின் நேரம், மொத்தம் எத்தனை டம்ளர், சாப்பாடு தவறியதா, மாதவிடாய் நாள், தலைவலி தொடங்கிய நேரம், விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை இரண்டு மாதம் குறித்துவந்தால், மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கும்.

அப்படிக் குறித்துப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2019-ல் வெளியாயிற்று. அவ்வப்போது ஒற்றைத் தலைவலி வரும் 98 பேர் ஆறு வாரம் நாள்தோறும் குறிப்பெழுதினார்கள். நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு காஃபின் பானங்கள் குடித்த நாட்களில் தலைவலி கூடியதாகத் தெரியவில்லை. மூன்றும் அதற்கு மேலும் குடித்த நாட்களில் தலைவலி வரும் வாய்ப்பு கூடியிருந்தது. கறாரான தடையைவிட அளவும் ஒழுங்குமே முக்கியம் என்ற என் எண்ணத்துக்கு இந்த ஆய்வு வலுச்சேர்க்கிறது.

ஆனால் ஒரு பானம் என்றால் எவ்வளவு? இங்கேதான் நம் எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல்கள் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 வரையும், தேநீரில் 30 முதல் 65 வரையும் காஃபின் இருக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தலைவலி மருத்துவர்கள் பலர் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களை 200-க்குள் நிற்கச் சொல்கிறார்கள். கருவுற்ற பெண்களுக்கும் பல நாடுகளில் அதுவே வரம்பு.

காப்பிக்கொட்டையின் வகையும் கணக்கை மாற்றும். மலைமுகட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு மலைகளில் விளைவது பெரும்பாலும் அரபிக்கா. மேற்கே கேரளத்தில், குறிப்பாக வயநாட்டில் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா. அரபிக்காவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் ரொபஸ்டாவில் உண்டு. தோட்டத்தில் வேலை செய்பவர் அங்கேயே வறுத்து அரைத்த பொடியை வாங்கிவந்து, வீட்டில் வழக்கமாகப் போடும் கரண்டியால் அதே அளவு போட்டால், டம்ளர் கூடாமலே காஃபின் கூடிவிடும். இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது சிக்கரி. அதில் காஃபினே கிடையாது. காப்பிப் பொடியில் 49 விழுக்காடு வரை சிக்கரி கலக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த விகிதம் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். கலப்படம் என்று இகழப்படும் சிக்கரி, காப்பியைக் குறைக்க விரும்புபவருக்கு இவ்வளவு உதவியாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

சுக்குக் காப்பி விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். நம் பக்கத்தில் சுக்குமல்லிக் காப்பி என்றால் சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி, பெயரில்தான் காப்பி. எல்லை தாண்டினால் சுக்குக்காப்பியில் பெரும்பாலும் காப்பிப் பொடியும் ஒரு கரண்டி விழும். காப்பியை விட்டுவிட்டேன், சளிக்குச் சுக்குக்காப்பி மட்டும்தான் குடிக்கிறேன் என்று சொல்பவர், அது எந்த ஊர்ச் சுக்குக்காப்பி என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். இரவுப் பயணத்தில் ஓட்டுநர்கள் குடிக்கும் ஆற்றல் பானங்களைப் பற்றி ஒரு வரி போதும்: இந்தியச் சட்டப்படி அவற்றில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம், குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையும் தகரக் குப்பியில் இருக்கும்.

குறைக்க முடிவு செய்தவர் ஒரே நாளில் நிறுத்துவது வீரமாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த வாரம் முழுக்கத் தலைவலியில் கிடந்து, எட்டாம் நாள் பழைய அளவுக்கே திரும்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நாளுக்கு நான்கு டம்ளர் குடிப்பவர் முதல் வாரம் மாலை டம்ளரை விடலாம், ஏனென்றால் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். தூக்கம் கெடுவதும் தலைவலியைக் கிளப்பும். இரண்டாம் வாரம் மதியத்ததை அரை டம்ளராக்கி, டிகாக்ஷனில் சிக்கரியின் பங்கைக் கூட்டலாம். காலை டம்ளரைக் கடைசியாகத்தான் தொடவேண்டும். அதைத் தொடாமலே விட்டாலும் பெரிய இழப்பில்லை, அது ஞாயிறன்றும் அதே நேரத்தில் இருக்கும்வரை. வாரத்தில் பாதி நாளுக்கு மேல் தலைவலி உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் முழுதாக நிறுத்திப் பார்க்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு.

மாத்திரையை நாடாத வழிகளுக்கு வருவோம். இயற்கை என்ற சொல் எதற்கும் நற்சான்று ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஒற்றைத் தலைவலிக்கு மிக உயர்வாகப் பரிந்துரைக்கப்பட்ட பட்டர்பர் என்ற ஐரோப்பிய மூலிகை, கல்லீரலைப் பாதிக்கும் என்ற கவலையால் பின்னர் பரிந்துரைகளிலிருந்து நீக்கப்பட்டது.

வலி வந்தபின் செய்யத்தக்கவை சில. இருட்டும் அமைதியும் உள்ள அறையில் படுப்பது முதலாவது. ஒரு மணி நேரத் தூக்கம் கிடைத்துவிட்டால் பலருக்கு வலி பாதியாகும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பிடரியிலோ நெற்றியிலோ கால் மணி நேரம் வைப்பது, எளிமையான ஆய்வுகளில் பயன் தந்த முறை. புதினாத் தைலத்தின் மெந்தாலை நெற்றியில் தடவுவதற்கும் ஓரளவு சான்று இருக்கிறது, ஆனால் வாசனையே பகையாகும் நோயாளிக்கு அது எதிர்வேலை செய்யும். சிறு குழந்தைகளின் முகத்தருகே கொண்டுபோகவே கூடாது. இஞ்சிக்கு நம் பாட்டிமார் சொன்னதைவிடக் கூடுதலான ஆதரவு ஆய்வுகளில் கிடைத்திருக்கிறது. 2014-ல் ஈரானில் 100 நோயாளிகளிடம் செய்த சோதனையில், வலி தொடங்கியதும் எடுத்த இஞ்சிப்பொடி, ஒற்றைத் தலைவலிக்கென்றே தரப்படும் சுமாட்ரிப்டான் என்ற மருந்துக்கு ஒப்பான பலனைத் தந்தது. அது ஒரே ஒரு ஆய்வு என்பதையும், வலி வராமல் தடுக்க நாள்தோறும் இஞ்சி எடுத்த வேறோர் ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். குமட்டலை அடக்குவதில் இஞ்சியின் திறமை ஐயமற்றது. ஆகவே, காப்பிப் பொடி விழாத சுக்குத்தண்ணீர் ஒரு டம்ளர் குடிப்பதில் நட்டமில்லை. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவோர், தோல் எரிந்து புண்ணாகாமலும் கண்ணில் இறங்காமலும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வலி வராமல் தடுக்கும் வழிகளே என் பார்வையில் மதிப்பு மிக்கவை. அவை சுவையற்றவை: ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் எழுவது, சாப்பாட்டு வேளையைத் தவறவிடாதது, தண்ணீர் குடிப்பது. ஜீப்பில் போகும் பெண்கள் வெறும் வயிற்றில் காப்பியோடு மலையேறி, பத்து மணிக்கு மேல்தான் சோற்றுவாளியைத் திறக்கிறார்கள். கிளம்புமுன் ஒரு சொம்பு கேப்பைக்கூழ் குடித்தால் பசிக்கும் தீர்வு, மக்னீசியமும் கிடைக்கும். கேழ்வரகு, நிலக்கடலை, பருப்புகள், கீரைகள் எல்லாவற்றிலும் உள்ள இந்தத் தாது, மாத்திரை வடிவில் ஒற்றைத் தலைவலியைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி ஏற்றுக்கொண்டது. வைட்டமின் பி2-வும் அதே வரிசையில் இருந்தது. மாத்திரையாக எடுப்பதானால் மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மக்னீசியம் ஆபத்து.

உடற்பயிற்சிக்கும் சான்று உண்டு. வாரம் மூன்று முறை நாற்பது நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, தடுப்பு மருந்தான டோபிராமேட் எடுத்தவர்களுக்கு நிகராகத் தலைவலி குறைந்ததை 2011-ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு காட்டியது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 114 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், மருந்துடன் யோகாவும் செய்தவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட வலியின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன. மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்துடன் சேர்த்து என்பதைக் கவனியுங்கள்.

எண்ணெய்க் குளியலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு முழுமையாகாது. தலைக்குக் குளிப்பதே ஒற்றைத் தலைவலியைத் தூண்டுகிறது என்பதை இந்திய நோயாளிகள் 94 பேரிடம் கண்டு 2006-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவுசெய்தார்கள். நீண்ட கூந்தல் உள்ள பெண்களுக்கு ஈரத்தலை ஒத்துக்கொள்ளாது என்ற நம் வீட்டுப் பேச்சு அங்கே மருத்துவச் செய்தியாகிறது. குளித்தபின் உச்சியில் ராஸ்னாதி என்ற மூலிகைப் பொடியைத் தேய்க்கும் கேரள வழக்கம் இந்த அனுபவத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆகக் குளியல், தாமதமாக எழுதல், தாமதமான காப்பி, தள்ளிப்போன காலைச் சாப்பாடு ஆகிய நான்கும் ஒரே காலையில் கூடினால், தனித்தனியே தாங்கக்கூடிய மூளையும் ஒருசேரத் தாங்குவதில்லை.

மாத்திரையைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. காஃபின் போன்றவை கலந்த கூட்டு மாத்திரைகளை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, தனிப் பாராசிட்டமாலை 15 நாளோ அதற்கு மேலோ என மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், மருந்தே தலைவலியை உண்டாக்கும் நிலை வந்துவிடும். திடீரென்று இடி விழுந்தாற்போல் உச்சத்தில் தொடங்கும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, பேச்சுக் குழறலோ கைகால் பலவீனமோ உள்ள தலைவலி, தலையில் அடிபட்டபின் வருவது, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வருவது ஆகியவற்றில் எதற்கும் காப்பியும் சுக்கும் வைத்தியம் அல்ல. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கருவுற்றிருக்கும்போது புதிதாக வரும் தலைவலியும் இவ்வரிசையில் சேரும்.

என் சித்தி இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஏழரைவரை படுத்திருக்கிறார். ஆனால் மற்ற நாட்களின் பழக்கத்தில் நான்கரைக்கு ஒருமுறை விழிப்பு வரும்போது, ஃபிளாஸ்கில் முந்தைய இரவே ஊற்றி வைத்த அரை டம்ளர் வரக்காப்பியைக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தலை முழுகுவதைப் புதன்கிழமை மாலைக்கு மாற்றிவிட்டார். மாதத்துக்கு நான்கு தடவை வந்தது ஒன்றாகியிருக்கிறது. அந்த ஒன்று மாதவிடாயை ஒட்டி வருவது, அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை தனியாக இருக்கிறது.